மூளைக்கு அமினோ ஆசிட் எங்கருந்து வருது, எப்பிடி கழியுது

நம்ம பக்கம் மெடிக்கல்ல போய் "பையன் படிக்க மாட்டேங்குறான், மூளைக்கு ஏதாச்சும் டானிக் இருந்தா குடுங்கண்ணே"ன்னு கேட்டா அமினோ ஆசிட் சிரப் ஒண்ண எடுத்து வைப்பாங்க. அதே தெருவுல ஃப்ரைட் ரைஸ் கடைய காட்டி "அங்க சாப்பிடாத, அஜினோமோட்டோ போடுறான், மூளைய அரிச்சிரும்"னு சொல்லுவாங்க. ஜிம்முக்கு போற தம்பிங்க கையில கிளூட்டமைன் பவுடர் டப்பா, தூக்கம் வராத அக்காவுக்கு ஆன்லைன்ல காபா மாத்திரை. இந்த நாலுமே ஒரே குடும்பத்து சரக்கு, ஒண்ணு மூளைய வளக்கும்னும் இன்னொண்ணு அழிக்கும்னும் நம்புறோம், ஆனா ரெண்டு நம்பிக்கைக்கும் அடியில கிடக்குற நினைப்பு ஒண்ணுதான். வாயில போடுறது நேரா மூளைக்குள்ள போய் இறங்கிரும்ங்கிற நினைப்பு.

அப்பிடி இறங்காது. மூளை தனக்கு வேண்டிய முக்கியமான சில அமினோ ஆசிட தானே உள்ளுக்குள்ள செஞ்சு, தானே கட்டி வச்சு, தானே உடைச்சு எரிச்சுக்குது. இத கொஞ்சம் பொறுமையா சொல்லிப் பாக்குறேன், ஏன்னா இது புரியாததால வீட்டுல நோயாளி இருக்கிறவங்க சில நேரம் உயிர் போற அளவுக்கு தப்பு பண்ணிர்றாங்க.

முதல்ல அமினோ ஆசிட்னா என்ன

நெத்திலியோ முட்டையோ பருப்போ, அதுல இருக்குற புரதம் ஒரு நீளமான சங்கிலி. வயித்துல அது செரிச்சு துண்டு துண்டா பிரியுது, அந்த ஒவ்வொரு துண்டுதான் அமினோ ஆசிட். நம்ம உடம்புப் புரதத்துல 20 வகை அடிப்படையா இருக்கு. எல்லாத்துலயும் ரெண்டு பகுதி கட்டாயம் உண்டு, நைட்ரஜன் இருக்குற அமினோ பகுதி ஒண்ணு, அமிலப் பகுதி ஒண்ணு.

கிளூட்டமேட்னு ஒருத்தன் இருக்கான் பாருங்க, அவனுக்கு மட்டும் இந்த அமிலப் பகுதி ஒண்ணுக்கு ரெண்டா இருக்கும் (அஸ்பார்டேட்னு ஒரு தம்பிக்கும் அப்பிடித்தான், அவர இப்ப விட்ருவோம்). மூளைக் கதையில பெரும்பகுதி இந்த கிளூட்டமேட்ட சுத்தித்தான்.

தேவிபட்டினம், தொண்டி பக்கம் களி நண்டு வாங்குற ஏவாரிங்கள பாத்திருப்பீங்க. உயிர் நண்ட அப்பிடியே கூடையில போட்டா ஒண்ண ஒண்ணு கவ்வி கால ஒடிச்சிரும், கைய விட்டா விரல் போயிரும், அதனால கொடுக்க மடக்கி கயித்தால இறுக்கி கட்டித்தான் போடுவாங்க. கட்டுன நண்டும் அதே நண்டுதான், உயிரோடதான் இருக்கு, கவ்வ மட்டும் முடியாது, வேணுங்கிறப்ப கட்ட அவுத்துக்கலாம். மூளை கிளூட்டமேட்ட வச்சு பண்றதும் கிட்டத்தட்ட இதேதான். ரெண்டு அமிலப் பகுதியையும் ரெண்டு கொடுக்குன்னு வச்சுக்குங்க. கடைசி வரைக்கும் இந்த நண்டு நம்ம கூடவே வரும்.

கிளூட்டமேட் ஏன் கவ்வுது

நரம்பு செல்ங்கிறது மூளையில சேதி கடத்துற செல். ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவுல ரொம்ப சின்ன இடைவெளி இருக்கும், சேதி அந்த இடைவெளிய தாண்டணும்னா ஒரு ரசாயனம் அங்க கொட்டணும். மூளையில "கிளம்பு, வேலைய பாரு"ன்னு அடுத்த செல்ல உசுப்புற ரசாயனங்கள்ல முதல் இடம் கிளூட்டமேட்டுக்குத்தான். படிக்கிறது, ஞாபகம் வைக்கிறது, வலைய பின்னுறப்ப விரல் போறது எல்லாத்துலயும் அதுக்குப் பங்கு உண்டு.

ஆனா ஒரு செகண்டுல சின்ன பங்கு நேரம் மட்டும்தான் அது அங்க இருக்கணும். இடைவெளியில அதிகமா தேங்கிப் போச்சுன்னா அடுத்த செல் விடாம உசுப்பப்பட்டு, உள்ள கால்சியம் வெள்ளமா நுழைஞ்சு, கடைசில அந்த செல்லே செத்துப் போயிரும். அதனால மூளை கிளூட்டமேட்ட செல்லுக்குள்ள அடைச்சு வச்சுக்குது, உள்ள இருக்குற செறிவு வெளியில இருக்குறத விட பல ஆயிரம் மடங்கு.

சாப்பாட்டுல இருந்து ஏன் போகாது

ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு, ரத்த-மூளைத் தடுப்புன்னு பேரு. மூளையில ஓடுற சின்ன ரத்தக்குழாய்களோட சுவர் செல்கள் ஒண்ணோட ஒண்ணு இடுக்கு விடாம ஒட்டியிருக்கும், அதுதான் தடுப்பு. 1885ல பால் எர்லிக்ங்கிற ஜெர்மன் டாக்டர் விலங்கோட ரத்தத்துல சாயத்த ஏத்திப் பாத்தப்ப உடம்பு உறுப்பெல்லாம் நிறம் ஏறிச்சு, மூளை மட்டும் பெரும்பாலும் வெளுப்பாவே நின்னுச்சு. இந்த தடுப்புல சில சரக்குக்கு மட்டும் தனித் தனியா கதவு இருக்கு. குளுக்கோஸ் சர்க்கரைக்கு நல்ல பெரிய கதவு. கிளூட்டமேட்டுக்கு உள்ள வர்றதுக்கு கதவு இல்லைன்னே சொல்லிரலாம்.

சரி, அஜினோமோட்டோ விஷயம். 1908ல ஜப்பான்ல கிகுனே இக்கெடாங்கிற ஆராய்ச்சியாளர் கொம்புங்கிற கடல்பாசியில இருந்து கிளூட்டமேட்ட பிரிச்சு, இதுதான் அந்த பாசியோட தனிச் சுவைக்கு காரணம்னு கண்டுபிடிச்சார். சோடியத்தோட சேத்து அஜினோமோட்டோன்னு விக்கிற அந்த கிளூட்டமேட்டும், தக்காளியில இருக்குறதும், தாய்ப்பால்ல இருக்குறதும் ஒரே பொருள்தான். நாம சாப்பிடுற கிளூட்டமேட்ல பெரும்பங்க குடல் செல்களே எரிபொருளா எரிச்சிருது, ரத்தத்துக்கு வர்றதே கொஞ்சம், அதுவும் தடுப்புல நின்னுரும். எலிக்குஞ்சுக்கு பெரிய அளவுல ஊசியா போட்டப்ப மூளை கெட்டதுன்னு 1969ல ஜான் ஓல்னி காட்டினார், அது உண்மை, அந்த பயம்தான் இன்னைக்கும் ஓடுது. ஆனா ஊசி வேற, பிறந்த எலியோட பலவீனமான தடுப்பு வேற, தட்டுல ஒரு சிட்டிகை வேற. உப்பு அதிகமா போகுதேன்னு கவலைப்பட்டா அது நியாயமான கவலை, பிரஷர் இருக்குறவங்க அதுக்காக தவிர்க்கலாம்.

அப்ப எப்பிடி செய்யுது

மூளை நம்ம எடையில சுமார் 2 சதவீதம்தான், ஆனா சும்மா உக்காந்திருக்கிறப்பவே உடம்பு செலவு பண்ற சக்தியில 20 சதவீதம் போல அது எடுத்துக்கும், பெரும்பாலும் குளுக்கோஸா. அந்த குளுக்கோஸ் படிப்படியா உடைஞ்சு கிரெப்ஸ் சுழற்சிங்கிற ஒரு ரசாயன வட்டத்துல சுத்தும், சக்தி அங்கருந்துதான் கறக்கப்படுது. சுத்துற வழியில ஆல்பா-கீட்டோகிளூட்டரேட்னு ஒரு பொருள் வரும். அதோட தலையில ஒரு அமினோ பகுதிய ஏத்தி விட்டா கிளூட்டமேட் ரெடி. அவ்வளவுதான், சோத்துல இருந்து வந்த சர்க்கரையே உருமாறி கிளூட்டமேட்டா நிக்குது.

அந்த அமினோ பகுதிய யார் குடுக்குறது? வேற அமினோ ஆசிடுங்கதான் கழட்டிக் குடுக்கும். குறிப்பா லூசின், இது மீன்லயும் பால்லயும் பருப்புலயும் இருக்கு, தடுப்புல இதுக்கு கதவும் உண்டு. அதனால சாப்பாட்டுக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லைன்னு நான் சொல்ல வரல, ஒழுங்கா சோறும் மீனும் சாப்பிடுற ஒருத்தருக்கு வேண்டிய மூலப்பொருள் போயிட்டுத்தான் இருக்கு, அதுக்கு மேல சிரப் குடிச்சா கூடுதலா ஒண்ணும் ஏறாதுன்னுதான் சொல்றேன்.

இன்னொண்ணு, நரம்பு செல் தனியா இந்த வேலைய முழுசா பண்ண முடியாது. வட்டத்துல இருந்து ஒரு பொருள உருவுனா வட்டம் குறையும்ல, குறைஞ்சத குளுக்கோஸ்ல இருந்து நிரப்புற முக்கியமான நொதி ஆஸ்ட்ரோசைட்லதான் இருக்கு. நொதின்னா ரசாயன வேலைய நடத்திக் குடுக்குற புரதம், என்சைம்னு சொல்லுவோமே அதான். ஆஸ்ட்ரோசைட்ங்கிறது நரம்பு செல்ல சுத்தி நின்னு பராமரிக்கிற, நட்சத்திர வடிவத்துல கிளை விட்ட செல். ரொம்ப காலம் இத வெறும் பசைன்னு நினைச்சு ஒதுக்கி வச்சிருந்தாங்க, எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்ப பிடிச்சது இந்த செல்தான்.

இதுவரைக்கும் வந்தது இவ்வளவு: கிளூட்டமேட் சேதி சொல்லும், தேங்குனா கொல்லும், வெளியில இருந்து வராது, சர்க்கரையில இருந்து உள்ளயே பிறக்கும்.

கட்டுறதும் அவுக்குறதும்

நரம்பு செல் கிளூட்டமேட்ட இடைவெளியில கொட்டுது, அடுத்த செல் சேதிய வாங்கிக்குது. உடனே பக்கத்துல நிக்கிற ஆஸ்ட்ரோசைட் அத உறிஞ்சி உள்ள இழுத்துரும். இழுத்ததுல கொஞ்சத்த அங்கயே எரிச்சு சக்தியாக்கிக்கும். மிச்சத்த திருப்பி நரம்பு செல்லுக்கு அனுப்பணும், ஆனா கொடுக்க திறந்து வச்சுக்கிட்டு நண்ட அனுப்ப முடியுமா, போற வழியெல்லாம் கவ்விக்கிட்டு போகும். அதனால ஆஸ்ட்ரோசைட்டுக்குள்ள இருக்குற கிளூட்டமைன் சிந்தட்டேஸ்ங்கிற நொதி, ஒரு கொடுக்குல அம்மோனியாவ சுத்தி கட்டிரும். அம்மோனியான்னா நைட்ரஜன் கழிவு, அமினோ ஆசிட் உடையுறப்ப மிஞ்சுறது, நச்சு. கழிவா கிடக்குற அந்த நச்சுதான் இங்க கயிறு. கட்டுனதுக்கு அப்புறம் அதோட பேரு கிளூட்டமைன், ஜிம் டப்பாவுல இருக்குற அதே பொருள். இதுக்கு யாரையும் உசுப்பத் தெரியாது, இடைவெளியில தாராளமா நடந்து போகலாம்.

நரம்பு செல்லுக்குள்ள போனதும் கிளூட்டமினேஸ்ங்கிற இன்னொரு நொதி கட்ட அவுக்கும், அம்மோனியா தனியா கழண்டுரும், திரும்ப கிளூட்டமேட். மறுபடி கொட்டத் தயார். இந்த கட்டுற வேலைய மூளைத் திசு பண்ணுதுன்னு 1935லயே காட்டுனவர் ஹான்ஸ் கிரெப்ஸ், மேல சொன்ன சுழற்சிக்கு பேரு குடுத்த அதே மனுஷன்தான், சுழற்சிய அவர் வெளியிட்டது 1937ல.

கொடுக்கு ஒடிஞ்சா காபா

இன்னும் ஒரு வழி இருக்கு. கட்டாம, ஒரு கொடுக்கையே ஒடிச்சு எடுத்துர்றது. கிளூட்டமேட்டோட ரெண்டு அமிலப் பகுதியில (கயிறு கட்டுற பகுதி இல்ல, மத்தது) ஒண்ண சில நரம்பு செல்கள் பிச்சு எடுத்துரும், அது கார்பன் டை ஆக்சைடா வெளிய போயிரும், மிஞ்சுறது காபா. மூளையில காபா இருக்குன்னு 1950ல கண்டுபிடிச்சாங்க. இது செய்யுறது நேர் எதிர் வேலை, அடுத்த செல்ல "சும்மா இரு"ன்னு அடக்கும். உசுப்புற பொருள்ல ஒரு துண்டு போனதும் அடக்குற பொருளா மாறுது, அதனால மூளை ரெண்டையும் ஒரே கைச்சரக்குல இருந்து எடுத்துக்குது.

ஒடிக்கிற அந்த நொதிக்கு பி6 வைட்டமின் கூட இருந்தாத்தான் வேலை நடக்கும். 1950களோட தொடக்கத்துல அமெரிக்காவுல ஒரு குழந்தைப் பால் தயாரிப்புல சூட்டுல பி6 அழிஞ்சு போய், அத குடிச்ச கைக்குழந்தைங்களுக்கு வலிப்பு வந்துச்சு, பி6 குடுத்ததும் நின்னுச்சு. பி6 செயல்படாம போற பிறவிக் கோளாறும் ஒண்ணு இருக்கு, அதனாலதான் பிறந்த குழந்தைக்கு வலிப்பு மருந்துக்கு அடங்கலன்னா டாக்டருங்க பி6 குடுத்துப் பாப்பாங்க. இத படிச்சிட்டு நாமளா பி6 மாத்திரைய அள்ளி முழுங்கக் கூடாது, அளவு மிஞ்சி ரொம்ப நாள் எடுத்தா கை கால் நரம்ப மரத்துப் போக வச்சிரும்.

காபாவ உடைக்கிற வழியும் அழகா இருக்கும். காபா-டிரான்ஸமினேஸ்ங்கிற நொதி காபாவோட அமினோ பகுதிய கழட்டி ஒரு ஆல்பா-கீட்டோகிளூட்டரேட் தலையில வச்சிருது, அதாவது ஒரு காபா உடையுறப்ப ஒரு புது கிளூட்டமேட் பிறக்குது, காபாவோட மிச்ச உடம்பு சக்சினேட்டா மாறி கிரெப்ஸ் சுழற்சிக்கே திரும்பிப் போய் எரியுது. எதுவும் வீணாகல. விகாபாட்ரின்னு ஒரு வலிப்பு மருந்து இந்த உடைக்கிற நொதியத்தான் தடுக்குது, உடையாததால காபா மூளையில கூடி வலிப்பு அடங்குது. பார்வைய பாதிக்கலாம்ங்கிறதால கண்காணிச்சுத்தான் குடுப்பாங்க.

கடையில விக்கிற காபா மாத்திரை? காபாவுக்கும் அந்த தடுப்புல வழி பெருசா இல்ல. மூளை காபாவ உள்ளயே செஞ்சுக்கும், தூக்கம் வராததுக்கு காரணம் வேற எங்கயாவது இருக்கும், அத தேடுறதுதான் முறை.

கட்ட முடியாம போனா

ஆஸ்ட்ரோசைட் கிளூட்டமேட்ட உறிஞ்சுறதுக்கும் கட்டுறதுக்கும் சக்தி வேணும். பக்கவாதத்துல மூளையோட ஒரு பக்கம் ரத்தம் நின்னு போகுது, சக்தி தீந்துருது, கிளூட்டமேட் உள்ள நிக்காம வெளிய கசிஞ்சு தேங்குது, ரத்தம் இல்லாம சாகுற செல்லோட சுத்தி இருக்குறதும் சாகுது. வாய் கோணி, ஒரு கை இறங்கிப் போனா சுளுக்கு எடுத்துட்டு காலையில பாத்துக்கலாம்னு நிக்கக் கூடாதுன்னு சொல்றது இதனாலதான், அடைப்ப கரைக்கிற ஊசிக்கு பொதுவா நாலரை மணி நேரம்தான் கணக்கு. மூக்கையூர்ல இருந்தோ வாலிநோக்கத்துல இருந்தோ கிளம்புறவங்களுக்கு அதுல ஒரு பகுதி ரோட்டுலயே போயிரும், அதனால ஒரு நிமிஷம் கூட யோசிக்காம 108க்கு போன் போடுங்க.

கடலோரத்துல இருக்குறவங்களுக்கு இன்னொரு சம்பவம் தெரிஞ்சிருக்கணும். 1987ல கனடாவுல பிரின்ஸ் எட்வர்ட் தீவுல மட்டி சாப்பிட்ட 100 பேருக்கு மேல நோய்வாய்ப்பட்டாங்க, சிலர் இறந்தாங்க, பிழைச்சதுல சிலருக்கு புதுசா எதையும் ஞாபகம் வச்சுக்க முடியாம போச்சு. காரணம் டொமோயிக் அமிலம், கடல்ல மிதக்குற ஒரு நுண்பாசி செய்யுற நச்சு, பாசிய மட்டி தின்னு சேத்து வச்சிருந்துச்சு. அது பாக்க கிளூட்டமேட் மாதிரியே இருக்கும், அதோட இடத்துலயே போய் ஒட்டி செல்ல உசுப்பும், ஆனா கிளூட்டமேட்ட கட்டுற நொதியால இத கட்ட முடியாது. கட்டவே முடியாத நண்டு. வேக வச்சாலும் அழியாது.

கயிறு மிஞ்சிப் போனா

இந்தப் பகுதிக்காகத்தான் நான் எழுதவே உக்காந்தேன். நல்ல கல்லீரல் ரத்தத்துல வர்ற அம்மோனியாவ யூரியாவா மாத்தி ஒண்ணுக்குல கழிச்சிரும். கல்லீரல் சுருங்கிப் போனவங்களுக்கு (குடியால இருக்கலாம், மஞ்சக்காமாலை வைரஸால இருக்கலாம், குடிக்கவே குடிக்காதவங்களுக்கு கொழுப்பாலயும் வரும்) அந்த வேலை நடக்காது, அம்மோனியா ரத்தத்துல ஏறி மூளைக்குள்ள நுழையுது. மூளையில யூரியா செய்யுற ஏற்பாடு முழுசா கிடையாது, அதுக்கு தெரிஞ்ச ஒரே வழி ஆஸ்ட்ரோசைட்ல வச்சு கட்டுறதுதான். கயிறு வந்துக்கிட்டே இருக்கு, அதுவும் கட்டிக்கிட்டே இருக்கு, கட்டுன நண்டா செல்லுக்குள்ள நெரியுது, அதாவது கிளூட்டமைன் குவியக் குவிய தண்ணிய இழுத்து ஆஸ்ட்ரோசைட் வீங்கிப் போகுது.

வெளியில பாக்குறவங்களுக்கு என்ன தெரியும்? பகல்ல தூங்கி ராத்திரி முழிச்சிருப்பார், பேச்சு குழறும், சொந்த பிள்ளை பேரு தடுமாறும், கைய நீட்டச் சொன்னா மணிக்கட்டு படபடன்னு அடிச்சு விழும், திடீர்னு கோவப்படுவார். நம்ம ஊர்ப்பக்கம் இத காத்துக் கருப்புன்னு நினைச்சு மந்திரிக்க கூட்டிட்டுப் போறதும், ஏர்வாடி தர்காவுக்கு கூட்டிட்டுப் போறதும் நடக்குது. துஆ பண்ணுங்க, வேண்டிக்குங்க, அதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்ல, ஆனா கல்லீரல் நோய் இருக்குறவர் குழம்பிப் பேசுனா முதல்ல ஆஸ்பத்திரி, அன்னைக்கே. மலச்சிக்கல், குடல்ல ரத்தக்கசிவு, கிருமித் தொற்று, இது ஏதாவது ஒண்ணு தூண்டியிருக்கும், அத சரி பண்ணுனா பெரும்பாலும் ஆள் தெளிஞ்சு வந்துருவார்.

லாக்டுலோஸ்னு இனிப்பா ஒரு மருந்து எழுதிக் குடுப்பாங்க. "வயிறு நல்லாத்தானே போகுது, இது எதுக்கு"ன்னு வீட்டுல நிறுத்திர்றாங்க, தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. அது குடல்லயே அம்மோனியாவ பிடிச்சு வெளிய தள்ளுற மருந்து, மூளைக்கான மருந்து. கல்லீரல் சுருங்கினவங்க கிளூட்டமைன் பவுடர தொடவே கூடாது, அது குடல்ல அவுந்து அம்மோனியாவ இன்னும் ஏத்தும். அதுக்காக மீன், முட்டை எல்லாத்தையும் நிறுத்தி ஆள பட்டினி போடுறதும் தப்பு, சதை கரைஞ்சா நோய் இன்னும் மோசமாகும், ஏன்னா தசையும் அம்மோனியாவ கொஞ்சம் கட்டித் தருது. எவ்வளவு புரதம்னு டாக்டர்கிட்ட கேட்டு அதன்படி குடுங்க.

வெளியில இருந்தே வரவேண்டிய சிலது

எல்லாத்தையும் மூளை செஞ்சுக்காது. டிரிப்டோஃபேன், ஃபீனைல்அலனின் மாதிரி சிலத உடம்பால செய்யவே முடியாது, சாப்பாட்டுலதான் வரணும். டிரிப்டோஃபேன்ல இருந்து செரட்டோனின், ஃபீனைல்அலனின்ல இருந்து உடம்பு செஞ்சுக்குற டைரோசின்ல இருந்து டோபமைன், ரெண்டும் மனநிலை, அசைவு, தூக்கம்னு பல வேலைக்கு வேணும். இதுங்களுக்கு தடுப்புல கதவு உண்டு, ஆனா எல்லாருக்கும் சேத்து ஒரே கதவு, ஒருத்தர் கூட்டமா வந்தா மத்தவங்க வெளிய நிக்க வேண்டியதுதான்.

இது எவ்வளவு பெரிய விஷயம்ங்கிறது பீனைல்கீட்டோன்யூரியாங்கிற பிறவி நோய்ல தெரியும். ஃபீனைல்அலனின டைரோசினா மாத்துற கல்லீரல் நொதி இந்தக் குழந்தைங்களுக்கு வேலை செய்யாது. அது ரத்தத்துல குவிஞ்சு கதவ அடைச்சுக்கும், மூளை வளர்ச்சி கெட்டுப் போகும். 1934ல நார்வேயில ஒரு தாய், தன்னோட ரெண்டு பிள்ளைங்க மேலயும் ஏதோ தனி வாடை அடிக்குதுன்னு டாக்டர் டாக்டரா அலைஞ்சு கடைசில ஆஸ்பியோர்ன் ஃபோலிங்கிற டாக்டர்கிட்ட போனாங்க, அவர் சிறுநீர சோதிச்சுத்தான் இந்த நோயே உலகத்துக்குத் தெரிஞ்சது. சுகர்ஃப்ரீ பானத்துல "பீனைல்கீட்டோன்யூரியா உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல"ன்னு சின்ன எழுத்துல போட்டிருக்குமே, அது இதுக்குத்தான், சர்க்கரைக்கு பதிலா அதுல போடுற அஸ்பார்ட்டேம்ங்கிற இனிப்புல ஃபீனைல்அலனின் இருக்கு.

பிறந்த சில நாள்ல குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சோதிச்சு கண்டுபிடிச்சிட்டா, அந்த அமினோ ஆசிட் குறைஞ்ச சாப்பாடு குடுத்து குழந்தைய நல்லாவே வளக்கலாம். அப்பா அம்மா ரெண்டு பேருமே ஒரே குறையுள்ள மரபணுவ சுமந்தாத்தான் இது வரும், அதனால மாமன் மகள், அத்தை மகன்னு சொந்தத்துலயே கட்டுற குடும்பங்கள்ல இந்த வகை நோய்களுக்கு வாய்ப்பு கூடுது. இந்த சோதனை எல்லா ஆஸ்பத்திரியிலயும் தானா நடக்குறதில்ல. சொந்தத்துல கட்டுனவங்க, இல்ல முந்தின குழந்தைக்கு காரணம் தெரியாம வலிப்போ வளர்ச்சிக் குறையோ இருந்தவங்க, பிரசவத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட "குழந்தை பிறந்ததும் குதிகால் ரத்த டெஸ்ட் எடுக்கணும், எங்க எடுக்கலாம்"னு வாய்விட்டு கேட்டு வச்சுக்குங்க.